ஒரு மாதத்துக்கு மட்டும்

அந்தத் துணியை எடுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். இப்போதுதான் முதல் பாட்டு முடிந்திருக்கிறது. தயாபுரம் ஆலயத்தில் ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில், தூணை ஒட்டின ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மாசிலாமணி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் திருவிருந்துக் கிண்ணம், அதன்மேல் வெள்ளைத் துணி. துணி கூடாரம்போலக் கூம்பி நிற்கிறது. உள்ளே ஒன்றும் இருக்காது. இருக்க வழியில்லை. அதில் ஊற்றவேண்டிய திராட்சரசத்துக்கு வெள்ளிக்கிழமை பழம் ஊறப்போட்டவர் அவர், சனிக்கிழமை அதை அடுப்பில் ஏற்றாமல் விட்டவரும் அவர். சபைப் போதகரான ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில், அலமாரிக்குள் பச்சைப் பாட்டில் காலியாக நிற்கும். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று ஆலய வேலையாள், கோயில்குட்டி தவசியிடம். இன்னொன்று அவர் மனைவி ஞானப்பூவின் சாவி, இப்போது அவர் சட்டைப்பையில். மூச்சு விடும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தியது. ஞானப்பூ அதைத் தாலிச் சங்கிலியில் ஊக்கு போட்டு மாட்டிவைத்திருந்தாள், இருபத்தேழு வருஷம். அவளுக்கு அது குத்தியிருக்குமா? கேட்டதில்லை. எதைத்தான் கேட்டோம்.

எல்லாரும் எழுந்தார்கள், அவரும் எழுந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவரும் உட்கார்ந்தார். இந்த ஆலயத்தில் எழும்புவதும் இருப்பதும் காலுக்கே தெரியும், புத்தி எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அவர் புத்தி கம்பத்தில் ஏறியது. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் நிற்கிற மனிதனை ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள், காக்கா எச்சம் போடுமோ என்றுதான் பார்ப்பார்கள். விளக்கு எரியும்வரைக்கும் லைன்மேன் என்று ஒருவன் இருப்பதே ஊருக்குத் தெரியாது. அணைந்ததோ இல்லையோ, மாசிலாமணி வீடு எது, மாசிலாமணி எங்கே, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, எழுப்பி இழுத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம் அந்த ஒன்றுதான். இருக்கிறது என்று காட்டவேண்டுமா, ஒருநாள் நிறுத்திப் பார். நிறுத்திவிட்டார். இன்று காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. அது தவசியின் சைக்கிள், செயின் உரசுகிற சத்தத்திலேயே தெரியும். கதவை இரண்டு தட்டு தட்டினான், மூன்றாவது தட்டவில்லை. அவர் கட்டிலில் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சைக்கிள் போய்விட்டது. போகட்டும், போய் ஐயரிடம் சொல்லட்டும், ஐயரே வருவார், செயலாளரும் கூட வருவான், வாசலில் நின்று, அண்ணாச்சி என்ன ஆச்சு, இத்தனை நாளும் செஞ்சது நீங்களா, மதினியா, என்று கேட்பார்கள். அப்போது சொல்லவேண்டியதை எல்லாம் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். ஏழு மணி ஆயிற்று. ஏழரை ஆயிற்று. முதல் மணி அடித்தது. ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் வேட்டியைக் கட்டிக்கொண்டு தானே வந்து உட்கார்ந்துவிட்டார், பார்க்க. தவசி சொல்லவில்லையா? சொல்லியிருப்பான். சொல்லியும் ஐயருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காலிக் கிண்ணத்தை மூடிவைத்திருக்கிறார். இல்லை, சொல்லவேயில்லை, பயந்துபோய் மூடிவைத்துவிட்டான். ஐயர் துணியை எடுப்பார், உள்ளே பார்ப்பார். அந்த முகம். அந்த முகத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

பாவ அறிக்கைக்கு எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அவர் முழங்கால் பெஞ்சின் விளிம்பில் இடித்தது. வாய் சொல்லிக்கொண்டு போகிறது. ஞானப்பூ இந்த இடத்தில் இருக்கமாட்டாள். திருவிருந்து கொடுக்கிற மாத முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பக்கம் அவளைப் பார்க்கவே முடியாது, பின்னால்தான் இருப்பாள், கிண்ணத்தைத் துடைப்பாள், அப்பத்தை எண்ணுவாள், கடைசி வரிசை போகும்போது தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து முழங்கால் போட்டு வாங்கிவிட்டு மறுபடியும் பின்னால் போய்விடுவாள். தொடங்கினது எப்படி? அப்போதிருந்த ஐயரம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது, ஞானப்பூ, ஒரு மாசத்துக்கு மட்டும் இதைப் பாத்துக்கோ என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்தது, கூடவே மாறுதல் உத்தரவும் வந்தது, ஐயரம்மா அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். சாவியைத் திருப்பி வாங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதன்பிறகு ஒன்பது ஐயர்மார் வந்து போனார்கள். வியாழன் அன்று கறுப்பு உலர்திராட்சையை வாங்கிவந்து காம்பு கிள்ளுவாள். வெள்ளி அன்று பீங்கான் ஜாடியில் ஊறும். சனி காலை வேகவைத்து, ஒரே ஒரு கிராம்பு போட்டு, இறக்கி ஆறவைத்து, பழைய மல்வேட்டியில் கட்டிப் பிழிவாள். அது பாட்டிலில் ஏறும்வரை அடுப்பில் மீன் ஏறக்கூடாது. சனிக்கிழமை மீன் வாங்கிவந்துவிட்டு அவர் கத்தாத கத்தலா? "உன் கோயிலுக்குப் பிழிஞ்சு ஊத்திட்டு எனக்கு ஊத்துற கஞ்சியில அந்த வாடைதாண்டி அடிக்கு." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாடைன்னு சொல்லாதீக, வாசம்னு சொல்லுங்க" என்பாள். ஒருநாள், மிக்சியில் அடித்தால் இரண்டு நிமிஷ வேலைதானே என்றார். "அடிச்சா கொட்டை அரையும், கசக்கும்." அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் அன்று காதில் வாங்கவில்லை. அவள் போனபிறகு முதன்முதலாகச் செய்தபோது மிக்சியில்தான் அடித்தார். கசந்தது. வேப்பங்கொழுந்துபோலக் கசந்தது. அதையும் இருநூற்றெழுபது பேர் குடித்துவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கே அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

சங்கீதம் வாசிக்கிறார்கள். ஒரு வசனம் ஐயர், ஒரு வசனம் சபை. அவள் போய் ஒன்பது மாதம். அதுவும் ஒரு சனிக்கிழமைதான். சாயங்காலம் பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். நெஞ்சை என்னமோ அமுக்குகிறது என்றாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், சுக்குத்தண்ணி போட அவர் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்ட வந்த பெண்கள் அவள் விரலைத் தேய்தேய் என்று தேய்த்தார்கள். "என்னக்கா இது, நகக்கண்ணெல்லாம் ஊதா? கறை போவமாட்டேங்கே." விடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஞாயிறு. அடக்கம் நாலு மணிக்கு, ஆராதனை எட்டரைக்கு. அவள் வீட்டில் ஐஸ்பெட்டிக்குள் கிடக்க, அவள் பிழிந்ததை ஆலயத்தில் வரிசையாக முழங்கால் போட்டுக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நேரே துக்கவீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு வாயிலும் அந்த வாசம் அடித்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? கோயம்புத்தூரில் இருக்கிற மகளிடம் சொன்னால், அப்பா நீங்க இங்க வந்திருங்க என்பாள். அடக்க ஆராதனையில் ஐயர், அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பாவம், நம் அன்பு சகோதரி அமைதியானவர், தவறாமல் ஆலயத்துக்கு வந்து நம்மோடு அமர்ந்திருந்தவர் என்றார். அமர்ந்திருந்தவர்! அவள் எங்கே அமர்ந்தாள்?

"இன்னைக்கு மலர் குடுக்காங்க, ஒம்ம வீட்டுக்கு நேத்தே வந்துட்டா?" பக்கத்தில் இருந்த தேவநேசன் வாத்தியார் காதோடு கேட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. "எம் போட்டோவைப் பாத்தீராவே? மாப்பிள்ளை மாதிரி போட்டிருக்கான்." மாசிலாமணி தலையை ஆட்டினார். வந்துவிட்டது. நேற்றுக் காலை, அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தபோதுதான் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆலயப் பிரதிஷ்டையின் நூறாவது வருஷ மலர், வழவழ தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்தார். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, மின்விசிறி உபயம், ஒலிபெருக்கி உபயம், கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொடுத்தவர். கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஊழியர்கள் என்று தனியாக இரண்டு பக்கம், கட்டம் கட்டி. அவள் இல்லை. மூன்று மாதம் முன்பே செயலாளர் ராஜமனோகரிடம் போய்ச் சொன்னார், பெயர் கேட்டுப் போவதே கூச்சமாக இருந்தும் போனார். அவன் அவருக்கு ஒருவகையில் மருமகன் முறை. "அத்தை என்ன பொறுப்புல இருந்தாக மாமா?" "திராட்சரசம் அவதானேப்பா செஞ்சா." "அப்படியா! நான் அது டயோசீசன் ஆபீஸ்ல இருந்து வருதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், கெட்டவன் இல்லை. "பதிவுப் புத்தகத்துல பொறுப்புன்னு இருந்தாத்தான் மாமா போடமுடியும். இப்ப அத்தைக்குப் போட்டா, கோயில் கூட்டுறவன், பாய் விரிக்கிறவன் எல்லாரும் எம்பேரு எங்கம்பான்." பேர் போடாவிட்டால் போகட்டும். "இப்ப யாரு செய்யுதா?" என்று ஒரு வார்த்தை அவன் கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் மலரை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு ஜாடிப் பழத்தைப் பானையில் கவிழ்த்து வேகவைத்திருப்பார். அவன் கேட்கவில்லை. ஜாடி அப்படியே இருக்கிறது, அடுப்படி மூலையில், தட்டு போட்டு மூடி. பழம் ஊதிப்போய்க் கிடக்கும். இந்நேரம் நுரை கட்டியிருக்கும்.

ஐயர் பிரசங்கம் தொடங்கினார். மறைவான ஊழியம் என்பதுதான் தலைப்பு. மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது.  அஸ்திவாரக் கல் கண்ணுக்குத் தெரிகிறதா, வேர் தெரிகிறதா, தெரியாது, அதுபோல என்று ஐயர் சொல்லிக்கொண்டு போனார். நல்ல குரல். சொல்லுகிறதில் குறையே இல்லை. அவருக்கு வேர் தெரியும், அஸ்திவாரம் தெரியும், தான் கையில் பிடிக்கிற கிண்ணத்துக்குள் இருப்பது எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. அப்போது கரண்டு போனது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் மாசிலாமணியின் கழுத்து தானாகத் திரும்பியது. விசிறி அரைச்சுற்று தளர்ந்தது, எங்கோ டப் என்று ஒரு சத்தம், விசிறி மறுபடி வேகம் பிடித்தது. இன்வெர்ட்டர். மைக் அணையவில்லை, ஐயர் நிறுத்தவில்லை, ஒரு தலை நிமிரவில்லை. இது எப்போது வைத்தார்கள்?  சட்டென்று பயமாக வந்தது. எதற்குப் பயம் என்று பிடிபடவில்லை. ஐயருக்கா, கடவுளுக்கா? கடவுள் கோபிக்கட்டும், அவருக்குத் தெரியும் எல்லாம். ஞானப்பூ பார்த்தால்? அவள் கோபிக்கமாட்டாள். கோபிக்கவே தெரியாதவள், அதுதான் கொடுமை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு பிழிந்தாள் ஒரு மாசம், மகள் பிரசவத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வந்து பிழிந்துவிட்டுத் திரும்பிப்போனாள். அதை இவர் ஒரு கோபத்தில் நிறுத்திவிட்டார். யாருக்காக நிறுத்தினோம், அவளுக்காகவா? அவள் பேருக்காகவா? அவள் ஒருநாளாவது பேர் கேட்டாளா? இருநூற்றெழுபது பேர் முன்னால் காலிக் கிண்ணம். வயசானவர்கள் முழங்கால் போட்டு வாயைத் திறந்துகொண்டு... எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். இப்போதே. பக்கவாட்டு வாசல் வழியாக. அவர் பாதி எழுந்தார். வாத்தியார் வேட்டியைப் பிடித்தார். "என்னவே, ஒண்ணுக்கா? காணிக்கை எடுக்கட்டும், பொறும்." உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு லேசில் உட்கார்ந்துவிட்டார்.

காணிக்கைப் பை வந்தது, போனது. ஐயர் மேஜையண்டை போனார். துணியை எடுப்பதற்கு முன் அதன் நாலு முனையையும் நேராக்கினார், அப்போதுதான் மாசிலாமணி துணியைப் பார்த்தார். இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தார். பால்போல வெளுத்திருக்கிறது, கஞ்சி போட்டு, மடிப்பு கத்திபோல. ஞானப்பூ துவைத்த மாதிரியே. அவள்தான் ஒன்பது மாதமாக இல்லையே, இதை யார் துவைக்கிறார்கள்? ரசத்தை மட்டும்தான் அவர் எடுத்துச் செய்தார், துணி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதம் யார்... யோசனை அந்த இடத்தில் முள்ளில் சேலை மாட்டினதுபோல மாட்டிக்கொண்டது. ஐயர் துணியை எடுத்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் தூக்கினார், கனம் தெரிந்தது, நிறைந்த கிண்ணத்தைத் தூக்குகிற பதனம்.  முதல் வரிசை போனது, முழங்கால் போட்டது, குடித்தது, எழுந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர் வரிசை வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைக்கும்போதே கால் போய்க்கொண்டிருந்தது. விளிம்பைத் துடைத்துவிட்டு ஐயர் அவர் உதட்டில் வைத்தார். சீனிப்பாகு. கல்யாணவீட்டு வாசலில் வரவேற்புக்கு நீட்டுவார்களே, அந்தக் கலர், அந்த எசென்ஸ். நாக்கில் பிசின்போல ஒட்டியது. இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் உதட்டை நக்கிக்கொண்டு சொன்னார், "இன்னைக்கு ரசம் ஜோரா இருக்குவே."

ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் கூட்டம் முன்வாசலுக்குப் போனது, அங்கே மலர் கொடுக்கிற மேஜை. அவர் பின்பக்கம் போனார். வெஸ்ட்ரிக்குப் பின்னால் மாதுளை மரத்தடியில் தவசி குந்தியிருந்தான். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, விளக்குப் போடுகிறவன், ஐம்பது வயசிருக்கும், எல்லாருக்கும் அவன் கோயில்குட்டி. ஒரு வாளித் தண்ணீரில் கிண்ணம் துடைத்த துணியை அலசிக்கொண்டிருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அலசின தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் மாதுளை மூட்டில் பைய ஊற்றினான். ஞானப்பூவும் அப்படித்தான் ஊற்றுவாள். "இதை ஒனக்கு யாரு சொன்னா?" மாசிலாமணியின் குரல் அவருக்கே கரகரப்பாகக் கேட்டது. தவசி எழுந்தான். "மதினிதான் அண்ணாச்சி. ஆண்டவருடைய ரெத்தம் பட்ட தண்ணி, கால் மிதிபடுத எடத்துல ஊத்தாத தவசின்னாக. அவுக போனதுக்கப்புறம் நான்தான் தொவைக்கேன். அவுக வெளுப்பு வரமாட்டேங்கு." பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "ஒடம்புக்கு என்ன செய்யுது? காலைல வந்து தட்டுனேன். தொறக்கல. காய்ச்சல்ல கெடக்காகளோன்னு எழுப்ப மனசு வரல. பொறத்தால டவுனுக்கு மிதிச்சேன். ஒருத்தன் கடை தொறக்கல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒண்ணுதான் கெடச்சுது. ஒங்க ரசம் மாதிரி வராது. ஆருட்டயும் மூச்சு விடல அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு கொறச்சல் வந்திரக்கூடாதுல்லா." டவுன் போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. அந்த உரசுகிற செயினோடு. 

ஐயர் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "என்ன மாசிலாமணி அண்ணாச்சி, இங்க நிக்கிய?" என்று சிரித்தார், பிறகு தவசியிடம், "கோயில்குட்டி, இன்னைக்கு வச்சிருந்தது எந்தக் கடை? நல்லாருந்துச்சு. வழக்கமா வாறது ஒருமாதிரி தொவர்ப்பா இருக்கும். எங்கே இருந்து வருதோ தெரியல, சொல்லி அதை நிப்பாட்டிரு. இனிமே இதையே வாங்கிரு" என்றார். தவசி மாசிலாமணியைப் பார்த்தான். சொல்லுங்கள் என்றது அந்தப் பார்வை. இப்போது சொல்லவேண்டும். அடுக்கிவைத்த சொல்லெல்லாம் அப்படியே வரிசை குலையாமல் இருக்கிறது. ஐயரே, அது எங்கே இருந்தும் வரவில்லை, இருபத்தேழு வருஷமாக என் அடுப்பிலிருந்து வந்தது என்று தொடங்கவேண்டும். தொடங்கினால் அடுத்த கேள்வி, அப்படியானால் இன்றைக்கு ஏன் வரவில்லை. அதற்குச் சொல்ல அவரிடம் இருப்பது ஒன்றுதான், அதை இந்த மாதுளை மரத்துக்கு முன்னால், இந்த வேர்த்த பனியனுக்கு முன்னால் சொல்லமுடியாது.  தவசி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐயர் பக்கம் திரும்பினான். "பாப்போம் ஐயா" என்றான். ஐயரை முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீக" என்றான் தவசி, துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே. "ஐயரு அப்படித்தான் சொல்லுவாரு. நான் நேரம் பாத்துச் சொல்லுதேன். ஒடம்பு தேறட்டும். ஒரு மாசத்துக்கு மட்டும் கடையில வாங்கிக்கிடுவோம், பெறவு நீங்களே செய்யுங்க." ஒரு மாசத்துக்கு மட்டும்.  இந்த ஆலயத்தில் அது எத்தனை வருஷம் என்று மாசிலாமணிக்குத் தெரியும். "காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டான் தவசி. "விட்டுட்டு" என்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். நீட்டின கை இன்னும் வெயிலில் நீட்டினபடியே இருந்தது. அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். போன எட்டு மாதமும் முதல் ஞாயிறன்று அந்த நகக்கண்களில் ஊதாக் கறை இருந்தது, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, அவருக்கும் போக்க மனசில்லை. இன்று ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது.